கழிப்பறை இருக்கையிலிருந்து எழ முடியாதவர்: ஐசியூவுக்குப் பிந்தைய மீட்சியும் மருத்துவக் குழுவின் கூட்டுப் பயிற்சியும்

ஐசியூவில் இரண்டு வாரம் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்து வீடு திரும்பியவர் முதலில் தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் கழிப்பறை. உட்கார்ந்துவிடலாம், எழ முடியாது. தாழ்ந்த இருக்கையிலிருந்து உடம்பைத் தூக்கி நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. ஐசியூவில் வேகமாகக் கரைவதும் அதே தசைதான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டால் அளந்துகொண்டே வந்தார்கள். பத்தே நாளில் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் பழுதானவர்களிடம் இழப்பு இன்னும் அதிகம். நல்ல உடல்நிலையில் இருப்பவர் பத்து நாள் படுக்கையில் கிடந்தாலும் தசை இளைக்கத்தான் செய்யும், ஆனால் இந்த வேகத்தில் இளைக்காது. உடல் முழுக்கப் பரவிய அழற்சி தசைப் புரதத்தை உடைப்பதை முடுக்கிவிட்டு, புதிதாகக் கட்டுவதை மந்தமாக்கிவிடுகிறது.

டிஸ்சார்ஜ் தாளில் இதெல்லாம் இருப்பதில்லை. நுரையீரல் தெளிவு, சிறுநீரகம் இயல்பு, காய்ச்சல் இல்லை, மூன்று வாரம் கழித்து வரவும் என்று அது முடிந்துவிடும். ஒவ்வோர் உறுப்பையும் பார்த்தவர் அதற்குரிய வரியை எழுதியிருப்பார். அந்த ஆள் எழுந்து நிற்பாரா, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று நினைவில் வைத்திருப்பாரா, இரவில் தூங்குவாரா என்பது எந்தத் துறையின் கேள்வியாகவும் இல்லை. ஐசியூவுக்குப் பிந்தைய மீட்சியில் கெட்டுப்போவதில் பலவும் இப்படி இருவர் வேலைக்கு நடுவே உள்ள சந்தில்தான் கெடுகிறது. மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் மூவரும் தத்தம் வேலையைக் குறையில்லாமல் செய்த நாளிலும் அது கெடும்.

இந்தத் தொல்லைகளுக்கு ஒரு பொதுப்பெயர் கிடைத்தது அண்மையில்தான். அமெரிக்காவின் தீவிர சிகிச்சைத் துறைச் சங்கமான சொசைட்டி ஆஃப் கிரிட்டிகல் கேர் மெடிசின் 2010இல் கூட்டிய மாநாட்டில் பேசி, 2012இல் அச்சேறிய பெயர் அது: போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம், சுருக்கமாகப் பிக்ஸ். உடல் தளர்ச்சி, சிந்தனைத் திறனில் சரிவு, மனநலச் சிக்கல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ஒருவருக்கு மூன்றும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு வரும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கும் இதே பெயரின் கிளைப்பெயர் ஒன்று உண்டு.

பெயர் புதிது, அளவீடுகள் அதற்கு முந்தியவை. கனடாவில் கடும் சுவாசச் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003இல் வந்தது. ஐசியூவை விட்டு வரும்போதே அவர்கள் தங்கள் உடல் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். ஓராண்டு முடிவில் நுரையீரல் பெரும்பாலும் தேறிவிட்டது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்க முடிந்த தூரம், அந்த வயதுக்கு எதிர்பார்ப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வேலைக்குத் திரும்பியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அவர்களையே ஐந்தாண்டு கழித்து அளந்தபோதும் நடைத்தூரம் 76 சதவீதத்தில் நின்றது. மூளையின் கணக்கு இதைவிடக் கவலை தருவது. 821 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013இல் வந்த ஆய்வில், மூன்று மாதத்தில் 40 சதவீதத்தினரின் சிந்தனைத் திறன் மிதமான தலைக்காயம் பட்டவர்களின் மதிப்பெண் அளவில் இருந்தது. 26 சதவீதத்தினருக்கு அது லேசான அல்சைமர் நோயாளிகளின் அளவு. வயதானவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், இளையவர்களும் இதில் இருந்தார்கள். டெலிரியம் எனும் குழப்பநிலை எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பின்னாளைய சரிவும் கூடியது.

சின்னத் தொல்லைகள் ஒரு பட்டியல் உண்டு. அவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் வீட்டில் பீதி கிளம்புகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். கடும் நோயின்போது ஓய்வுநிலைக்குப் போன மயிர்க்கால்கள் ஒன்றாக உதிர்வது அது, தானே வளர்ந்துவிடும். நகங்களில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்து நகத்தோடு சேர்ந்து மெல்ல முன்னேறும். குரல் கம்மியிருக்கும். நாக்கில் சுவை மாறியிருக்கும். இவை பெரும்பாலும் தாமாகச் சரியாகும். விழுங்கும்போது இருமல் வருவது அப்படி விடக்கூடியது இல்லை. வென்டிலேட்டருக்காக உள்ளே விட்ட தொண்டைக்குழாய் பல நாள் இருந்தவருக்குத் தொண்டையின் உணர்ச்சி மழுங்கி, நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கியும் இருமலே வராமல் போகலாம். அதனால் இருமவில்லை என்பதை வைத்து விழுங்குவது சரியாகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

மயக்க மருந்தின் மிச்சம்

வென்டிலேட்டரில் இருப்பவர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கு நிம்மதி. பல பத்தாண்டுகளாக ஐசியூவின் பழக்கமும் அதுதான். தொடக்கம் அப்படி இல்லை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாய்ப் பரவியபோது, பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். மருத்துவ மாணவர்கள் சுமார் 1500 பேர் முறைபோட்டு உட்கார்ந்து அமுக்கினார்கள். நோயாளியின் கண்ணைப் பார்த்துத்தான் பையை எவ்வளவு அமுக்குவது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஐசியூ என்ற ஏற்பாடே அங்கிருந்து கிளைத்தது. அது பிறக்கும்போதே பல கைகள் சேர்ந்து செய்த வேலை என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஆழ்ந்த மயக்கத்தால் வரும் கேடு மூன்று வழியில் சேர்கிறது. தசை அசைவதில்லை. மூச்சுத் தசை தானாக வேலை செய்யாததால் அதுவும் இளைத்து, வென்டிலேட்டரைக் கழற்றும் நாள் தள்ளிப்போகிறது. மூளை உண்மையான நினைவுகளைச் சேர்க்காமல் துண்டுதுண்டான கெட்ட கனவுகளைச் சேர்க்கிறது. மிடசோலம், லோரசிபாம் போன்ற பென்சோடயசிபைன் வகை மயக்க மருந்துகள் டெலிரியத்தைக் கூட்டுபவை என்பதால், 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்கள் அவற்றைவிடப் புரோபோஃபால் அல்லது டெக்ஸ்மெடிடோமிடினைப் பரிந்துரைத்தன. மருந்தின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வலிக்கு மருந்து கொடுக்காமல் மயக்க மருந்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் வார்டுகளில் நடக்கும் பொதுத்தவறு. முதலில் வலி, பிறகே மயக்கம். அந்த வரிசையைப் பிடித்தாலே மயக்க மருந்தின் அளவு தானாக இறங்கும்.

டெலிரியத்தில் இன்னொரு பொறி உண்டு. குழாயைப் பிடுங்கி, கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பவரை 'தொந்தரவே இல்லாத நோயாளி' என்று எழுதிவிடுவார்கள். அமைதியான டெலிரியம்தான் அதிகம், தப்பிப்பதும் அதுதான். கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'ஏ' என்று வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்ல வேண்டும். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். மனநிலை திடீரென மாறியிருக்கிறதா, விழிப்பு நிலை சரியாக இருக்கிறதா, எளிய கேள்விகளுக்குத் தெளிவாக விடை வருகிறதா என்பவற்றோடு சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். செவிலியர் இதை ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது செய்து எழுதிவைப்பார். மருத்துவர்கள் படுக்கை படுக்கையாகச் சுற்றிவரும் ரவுண்ட்ஸில் அந்த முடிவை யாரும் கேட்காவிட்டால் மூன்றாம் வாரம் செய்வதை நிறுத்திவிடுவார். அதில் அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

காலை எட்டு முதல் பத்து வரை

இந்தத் தீங்குகளைக் குறைக்கும் வேலைகளை ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளில் அடுக்கியிருக்கிறார்கள்: வலியை அளந்து தீர்ப்பது, மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கவைத்தும் தானாக மூச்சுவிடவைத்தும் பார்ப்பது, மருந்தைத் தேர்வது, டெலிரியத்தைக் கண்காணிப்பது, சீக்கிரமே அசையவைப்பது, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது. 68 ஐசியூக்களில் 15,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வந்த கட்டுரையில், ஆறில் எத்தனை கூடுதலாக நடந்ததோ அத்தனை கூடுதலாக நன்மையும் தெரிந்தது. நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை அது. உடல்நிலை சற்று மேலாக இருப்பவருக்கு ஆறையும் செய்வது எளிது என்பதையும் நினைவில் வைத்தே அந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் அதில் இரண்டாவது எழுத்துக்குத் தனியே உறுதியான சான்று உண்டு. 2008இல் வெளியான ஆய்வில் 336 நோயாளிகளிடம், தினமும் மயக்க மருந்தை நிறுத்துவதையும் மூச்சுச் சோதனையையும் ஒரே தொடராக இணைத்துச் செய்தபோது, ஏழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓராண்டு மரணம் தவிர்க்கப்பட்டது.

இணைத்துச் செய்வது என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மயக்க மருந்தை நிறுத்தும் ஆணை மருத்துவருடையது. பம்ப்பை நிறுத்தும் கை செவிலியருடையது. மூச்சுச் சோதனை சுவாச சிகிச்சையாளருடையது. உட்கார வைப்பது பிசியோதெரபிஸ்ட். ஒருங்கிணைக்காத ஐசியூவில் இந்தக் காலை இப்படிப் போகும்: ஏழரைக்கு ஷிஃப்ட் மாறுகிறது. எட்டு மணிக்குச் சுவாச சிகிச்சையாளர் மூச்சுச் சோதனைக்கு வருகிறார்; மயக்க மருந்து ஓடிக்கொண்டிருப்பதால் நோயாளி மூச்சை இழுப்பதே இல்லை, 'தோல்வி' என்று குறித்துவிட்டுப் போகிறார். ஒன்பதுக்கு ரவுண்ட்ஸ்; மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள். ஒன்பதரைக்குப் பிசியோதெரபிஸ்ட் வருகிறார். இன்னும் தூக்கம் தெளியவில்லை, கை கால்களை மடக்கி நீட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். பத்தரைக்கு நோயாளி கண் விழிக்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை. அவர் குழாயை நோக்கிக் கையைக் கொண்டுபோக, ஓடிவந்த செவிலியர் மருந்தை மறுபடியும் பழைய அளவுக்கே ஏற்றுகிறார். நான்கு பேரும் தங்கள் வேலையைச் செய்தாயிற்று. நோயாளி இன்னொரு நாளை இழந்தாயிற்று.

சரியான வரிசையில் கொஞ்சமும் சிக்கல் இல்லை. வலிப்பு, தசையை முடக்கும் மருந்து, கடந்த ஒரு நாளில் இதயத் தசைக்கு ரத்தக்குறைவு, மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடியிருத்தல், மதுப்பழக்கத்தை நிறுத்தியதால் வரும் நடுக்கம் இவை இருக்கின்றனவா என்று செவிலியர் முதலில் பார்ப்பார். இல்லையென்றால் மருந்தை நிறுத்துவார். குரலுக்குக் கண் திறந்ததும் சுவாச சிகிச்சையாளருக்குச் சொல்லி அனுப்புவார். மூச்சுச் சோதனை அரை மணி முதல் இரண்டு மணி நேரம். மூச்சு நிமிடத்துக்கு 35க்கு மேல் ஐந்து நிமிடம் நீடித்தாலோ, ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே போனாலோ நிறுத்த வேண்டும். விழித்து மிகவும் கொந்தளித்தால் மருந்தை முன்பிருந்த அளவில் பாதியில் தொடங்குவார்கள். பழைய முழு அளவுக்கே திரும்பிப் போவதுதான் அன்றாடம் நடக்கும் பிழை. பிசியோதெரபிஸ்டின் வருகையை விழிப்பு நேரத்தோடு பொருத்துவதற்கு முந்தைய நாளே ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம்

தொண்டைக்குழாயோடு இருப்பவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைப்பது கூட்டு வேலைக்கு நல்ல அளவுகோல். இதை ஒழுங்காகச் செய்யும் குழு மற்றதையும் செய்துவிடும்.

தொடங்குமுன் தேவைகள்: வென்டிலேட்டர் தரும் ஆக்சிஜன் 60 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, மூச்சின் முடிவில் தரும் அழுத்தம் 10க்குள், மூச்சு வேகம் 30க்குள், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது 90 சதவீதம். ரத்த அழுத்த மருந்தின் அளவு ஏறிக்கொண்டே இருக்கக் கூடாது. பிறகு ஏற்பாடு. வென்டிலேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே இறக்க வேண்டும்; எதிர்ப்பக்கம் இறக்கினால் குழாய் இழுபடும். சிறுநீர் சேகரிக்கும் பையைக் காலிசெய்து இறங்கும் பக்கத்துக்கு மாற்றுவது, ஊட்டக் குழாயை நிறுத்துவது, டிரிப் குழாய்களைத் தளர்த்துவது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று தொண்டைக்குழாயை மட்டும் பிடித்துக்கொள்வார், வேறெதையும் தொட மாட்டார். அவர்தான் 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணுவார், ஏனென்றால் குழாய் தயாராகாமல் உடல் நகரக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் முன்னால் நின்று நோயாளியின் முழங்காலைத் தன் முழங்காலால் தடுத்து உடம்பைத் தாங்குவார். இன்னொருவர் முதுகுப்பக்கம். செவிலியர் திரையைப் பார்த்து எண்களை உரக்கச் சொல்வார்.

முதலில் பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே விட்டு, இறங்கும் காலின் எடையாலேயே உடம்பை மேலே கொண்டுவர வேண்டும். உட்கார்ந்த முதல் இரண்டு நிமிடத்தில் ரத்த அழுத்தம் சரியலாம். சராசரி அழுத்தம் 65க்குக் கீழே போனால் படுக்கவைக்க வேண்டும். இதயத் துடிப்பு 130க்கு மேல், மூச்சு 40க்கு மேல், ஆக்சிஜன் 88க்குக் கீழே என்றாலும் அப்படியே. இந்த எண்களை எட்டினால் நிறுத்தச் சொல்லும் உரிமை அங்கு நிற்கும் கடைநிலைப் பணியாளருக்கும் உண்டு என்று முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும். பேசிவைக்காத குழுவில் அந்த எண்ணைப் பார்த்தவர் அடுத்தவர் சொல்வார் என்று காத்திருப்பார்.

எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகம் என்பதில் அவசரம் வேண்டாம். 104 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வென்டிலேட்டர் வைத்த தொடக்க நாள்களிலேயே அசைவுப் பயிற்சி பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே செய்யும் நிலையில் மருத்துவமனையை விட்டுப் போனார்கள். மற்றவர்களில் 35 சதவீதம். டெலிரியம் நான்கு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லோரும் உற்சாகமாக ஓடினார்கள். 750 பேரிடம் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வு வேகத்தைத் தணித்தது: தினம் சுமார் 21 நிமிடம் அசைத்ததற்கும் வழக்கமான 9 நிமிடத்துக்கும் ஆறுமாத முடிவில் வித்தியாசம் இல்லை, இதயத் துடிப்புக் கோளாறு போன்ற பாதகங்கள் மட்டும் கூடின. அந்த ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவினரும் சும்மா கிடக்கவில்லை, அவர்களையும் அசைக்கத்தான் செய்தார்கள். ஆகவே கிடத்திவைப்பதற்கு இதில் ஆதரவு தேட முடியாது. நோயாளி தானாகச் செய்யக்கூடியதன் எல்லையை அன்றன்று அளந்து, அதற்குள் நிற்க வேண்டும். அந்த எல்லையைச் சொல்லத் திரையைப் படிப்பவரும் தசையைத் தொடுபவரும் ஒன்றாக நிற்க வேண்டும்.

தசை வலிமையைக் கையாலேயே அளக்கலாம். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஆறு இடம், இரு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து. மொத்தம் 60க்கு 48க்குக் கீழே என்றால் ஐசியூவால் வந்த தளர்ச்சி என்று பெயர். சொன்னதைப் புரிந்துகொள்ளும் விழிப்பு இல்லாதவரிடம் இந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

பயிற்சி எங்கே பிசகுகிறது

2003இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ஐசியூக்களில் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அடுத்த தரப்போடு உங்கள் ஒத்துழைப்பு எப்படி? மருத்துவர்களில் 73 சதவீதம் பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதே இடங்களில் செவிலியர்களில் அப்படிச் சொன்னவர்கள் 33 சதவீதம். குழுவில் மேலே இருப்பவருக்கு விரிசல் தெரியாது. பயிற்சி வகுப்பைத் திட்டமிடுபவர் பெரும்பாலும் மேலே இருப்பவர் என்பதால் அவருக்குத் தெரியாததை அவர் சேர்ப்பதில்லை.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோஸ்டும் சக மருத்துவர்களும் மிக எளிய ஒன்றைச் செய்தார்கள். ரவுண்ட்ஸ் முடிந்ததும் 'இன்று இந்த நோயாளிக்கு என்ன செய்யப் போகிறோம்' என்று பயிற்சி மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்டார்கள். தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவரைக்கூட எட்டவில்லை. ஒரே பக்கத்தில் அன்றைய இலக்குகளை எழுதும் தாளைக் கொண்டுவந்த பிறகு அது 95 சதவீதத்தைத் தாண்டியது. ஐசியூவில் தங்கும் சராசரி நாள் 2.2இலிருந்து 1.1 ஆனது. ஒரே ஐசியூவின் முன்பின் ஒப்பீடு என்பதால் அந்த நாள்கணக்கைப் பெரிதாகத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை என்ற முதல் எண்தான் உறைக்க வேண்டியது.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழில்துறையினர் ஒருவரோடொருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரைப் பற்றி ஒருவரும் கற்பதே பல்துறைக் கூட்டுக் கல்வி. ஒரே அரங்கில் மருத்துவரையும் செவிலியரையும் உட்காரவைத்து ஒருவர் சொற்பொழிவாற்றுவது இதில் சேராது. நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது அதுதான்: ஒரு நாள் பட்டறை, சான்றிதழ், குழுப் படம். ஆறு மாதத்தில் பாதிச் செவிலியர்கள் வேறு பிரிவுக்குப் போயிருப்பார்கள். ஒத்திகையில் எப்போதும் மூத்த மருத்துவரே தலைவர், செவிலியர் ஊசி போடுபவர், பிசியோதெரபிஸ்ட் அழைக்கப்படவே இல்லை என்றால், அங்கே ஒத்திகை பார்க்கப்படுவது பழைய படிநிலைதான்.

பயன் தருவது, அதே ஐசியூவில், அதே படுக்கையில், வேலை நேரத்துக்கு நடுவே நடக்கும் சிறிய ஒத்திகை. முன்னுரை ஐந்து நிமிடம். காட்சி பத்து நிமிடம். கலந்துரையாடல் இருபது முதல் முப்பது நிமிடம். காட்சியைவிட அது இரண்டு மூன்று மடங்கு நீள வேண்டும், கற்பது அங்கேதான் நடக்கிறது. இதயம் நின்றுபோவதையே திரும்பத்திரும்பக் காட்சியாக வைக்காமல், மேலே சொன்ன காலை எட்டு மணியை வைக்கலாம். பொம்மைக்குத் தொண்டைக்குழாய், ஓடும் மருந்துப் பம்ப், 'தோல்வி' என்று எழுதிய மூச்சுச் சோதனைத் தாள். மருந்து ஓடும்போது சோதனை செய்தார்கள் என்பதை யார் முதலில் கவனிக்கிறார், கவனித்தவர் வாய் திறக்கிறாரா என்பதுதான் தேர்வு.

வாய் திறப்பதற்கும் சொற்களைப் பழக்க வேண்டும். மூன்று படிகள் போதும்: 'எனக்குக் கவலையாக இருக்கிறது', 'இது எனக்குச் சரியாகப் படவில்லை', 'இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை, நிறுத்துவோம்'. மூன்றாவதைக் கேட்டால் யாராக இருந்தாலும் கையை எடுக்க வேண்டும் என்பது முன்கூட்டியே பேசிய ஒப்பந்தம். அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமையும் பாதுகாப்புத் துறையும் 2006இல் வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் பாடத்திட்டத்தில் இது இருக்கிறது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படியில் தகவல் சொல்லும் முறையும் இருக்கிறது; அணு நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பழக்கம் அது. நான்காவது படியில்தான் இளையவர்கள் தடுமாறுவார்கள். 'மூச்சு வேகம் 34' என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். 'இன்று உட்காரவைப்பதைத் தள்ளிப்போடலாம் என்று நினைக்கிறேன்' என்ற வரி வாயில் வராது. சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வதும் இதோடு சேர்த்துப் பழக வேண்டியது.

கலந்துரையாடலை நடத்துபவர் யார் மேல் தவறு என்று கேட்க ஆரம்பித்தால் அத்தோடு முடிந்தது. 'அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்தது?' என்று கேட்டால் செவிலியருக்குத் தெரிந்ததும் மருத்துவருக்குத் தெரிந்ததும் வேறுவேறு என்று தானாக வெளிப்படும். பயிற்சி பலித்ததா என்பதைத் திருப்திப் படிவத்தில் பார்க்கக் கூடாது. விழிப்பும் மூச்சுச் சோதனையும் சேர்ந்து நடந்த நாள்கள் எத்தனை, டெலிரியம் முடிவு ரவுண்ட்ஸில் பேசப்பட்ட நாள்கள் எத்தனை, வென்டிலேட்டரில் இருந்தபடி உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று வாரம் ஒரு முறை சுவரில் எழுதிவைத்தால் போதும். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அறுவை அரங்கக் குழுக்களுக்குப் பயிற்சி தந்தபோது, பயிற்சி பெற்ற 74 இடங்களில் ஆண்டு இறப்பு 18 சதவீதமும், இன்னும் பெறாத 34 இடங்களில் 7 சதவீதமும் குறைந்ததாக 2010இல் வெளியிட்டார்கள். பட்டறைக்குப் பின்னும் ஓராண்டு காலம் தொலைபேசியில் வழிநடத்தல் தொடர்ந்தது என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது.

வார்டு வாசலில்

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றும் நாள் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் அறுபடும் நாள். செவிலியர் ஒருவருக்கு ஒன்று அல்லது இரண்டு நோயாளி என்றிருந்த இடத்திலிருந்து, பலரை ஒருவரே பார்க்கும் இடத்துக்கு நோயாளி போகிறார். குழப்பத்துக்குத் தற்காலிகமாகத் தொடங்கிய குவெட்டியாபின், வயிற்றுப் புண் வராமலிருக்கத் தந்த அமிலக் குறைப்பு மாத்திரை, துடிப்புக்குத் தந்த அமியோடரோன் ஆகியவை நிறுத்தும் தேதி இல்லாமல் கூடவே பயணமாகி, வீட்டு மருந்துப் பட்டியலில் குடியேறிவிடும். மறுபக்கம், நோய் வருமுன் அவர் எடுத்துவந்த தைராய்டு மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ நிறுத்தியது நிறுத்தியபடியே போயிருக்கும். மருந்தாளுநர் ஒருவர் மூன்று பட்டியல்களை, வீட்டிலிருந்து வந்தது, ஐசியூவில் இருந்தது, இனி எடுக்க வேண்டியது என்று பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்காமல் இது பிடிபடாது.

உணவிலும் இதே கதை. தொண்டைக்குழாயை எடுக்கும் உற்சாகத்தில் மூக்கு வழி ஊட்டக் குழாயையும் எடுத்துவிடுவார்கள். வாய் வழியாக அவர் சாப்பிடுவது தேவையில் பாதியைக்கூட எட்டாத நாள்கள் அதன்பிறகு வரும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் என்று ஐசியூ வழிகாட்டி சொல்லும், வார்டில் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். விழுங்கும் சோதனை முடிந்து, தேவையில் பெரும்பகுதியை வாயாலேயே எடுக்கிறார் என்று உணவியலாளர் சொல்லும் வரை குழாய் இருக்கட்டும்.

டிஸ்சார்ஜுக்குப் பின் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் முதல் மதிப்பீடு நடக்க வேண்டும் என்பது 2020இல் எட்டிய வல்லுநர் கருத்து. ஆறு நிமிட நடை, சிந்தனைத் திறனுக்கு மோக்கா தேர்வு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஒரு கேள்வித்தாள், அதிர்ச்சி நினைவுகளுக்கு இன்னொன்று. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இதன் பலனைப் பற்றி ஆய்வுகள் தாராளமாகப் பேசவில்லை. பிரிட்டனில் செவிலியர் நடத்திய தொடர் கண்காணிப்பு கிளினிக்கை 286 பேரிடம் சோதித்து 2009இல் வந்த ஆய்வில் வாழ்க்கைத் தரம் உயரவில்லை. முதல் சந்திப்பு மூன்று மாதம் கழித்து. அதற்குள் தசையைக் கட்டும் நல்ல காலம் பெரும்பகுதி போயிருக்கும் என்பது என் கணிப்பு. ஐசியூ நாட்குறிப்பின் கதையும் இதே மாதிரி. நோயாளி நினைவில்லாமல் கிடந்த நாள்களில் நடந்ததைச் செவிலியரும் குடும்பமும் எழுதிவைத்துப் பின்னால் கொடுப்பது அது. 2010இல் ஓர் ஆய்வு அதிர்ச்சி நினைவுக் கோளாறு 13 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததாகச் சொன்னது; 657 பேரிடம் நடந்து 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. நான் கேட்டால் எழுதத்தான் சொல்வேன். ஆனால் அதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், யாராவது கூட உட்கார்ந்து படிக்க வேண்டும்.

காரணம், அந்த நினைவுகள் விசித்திரமானவை. யாரோ தன்னைப் படகில் கட்டிவைத்துக் கடலில் விட்டார்கள் என்று ஒருவர் உறுதியாகச் சொல்வார். படுக்கைப் புண் வராமலிருக்க ஊதி இறங்கும் காற்று மெத்தை அது, கையைக் கட்டியது குழாயைப் பிடுங்காமலிருக்க என்று அதே படுக்கையைக் காட்டிச் சொல்லும்போது அவர் முகம் மாறும். அந்தச் சந்திப்பில் பிசியோதெரபிஸ்டும் செவிலியரும் இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: கையைக் கட்டிய நாள்களைக் கட்டியவர்கள் அப்போதுதான் எண்ணிப் பார்ப்பார்கள். அடுத்த மாத ஒத்திகைக்கான காட்சி அங்கேயே கிடைத்துவிடும்.